கண்டது எழுதுதல்: பழவேற்காட்டு ஏரியின் உயிரினப் பதிவுகள் பற்றிய ஒரு விளக்கம்

தோற்றுவாய்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் வழியில் உள்ளது திருப்பாலைவனம் என்னும் ஊர். இப்பெயரை முதன்முறை கேட்போர் நீரற்ற வறுநிலத்தை எண்ணுதல் இயல்பு. ஆயின், ஈண்டுப் பாலை என்பது மரத்தின் பெயர்; வனம் என்பது அம்மரம் செறிந்த காடு. அவ்வூர்ச் சிவன் கோயிலின் தலமரமும் பாலையே. அண்மையிலுள்ள பழவேற்காட்டின் பெயரையும் வேல மரங்களொடு இயைத்துப் பொருள் கூறுவர். மரத்தாற் பெயர்பெற்ற ஊர்கள் தமிழகத்திற் பல என்பதனை ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களின் 'ஊரும் பேரும்' என்னும் நூல் வழியே நாம் அறிவோம்.

ஊர்ப்பெயர் ஒரு வகையான பதிவு. இங்கே ஒரு காலத்தில் இம்மரம் மிகுந்திருந்தது என்னும் செய்தியை அது காத்துவருகின்றது. எனினும் அது குறையுடைய பதிவே. எக்காலத்து இருந்தது, எவ்வளவு பரப்பில் இருந்தது என்னும் வினாக்களுக்கு அதன்கண் விடை இல்லை. எந்தப் பாலை என்பதும் தெளிவில்லை. உலக்கைப்பாலை, வெட்பாலை, ஏழிலைப்பாலை எனப் பாலை என்னும் சொல் தம்முள் வேறாய மரங்கள் பலவற்றுக்குப் பொதுவாய் வழங்குகின்றது.

இன்று ஏரிக்கரையில் நின்று பறவை காண்போர் பலர். அவருட் பலர் மாணவர்; சிலர் ஆசிரியர்; சிலர் ஏரியையே வாழ்வாகக் கொண்ட மீனவர். இவர்கள் காண்பன பின்வரும் தலைமுறைக்குச் சான்றாக நிற்குமா, அன்றி ஊர்ப்பெயர் போல ஐயத்துக்கு இடமாகி நிற்குமா என்பது அவர்கள் எழுதும் முறையைப் பொறுத்தது. அம்முறையை விளக்குதலும், தமிழ் பயின்றோர்க்கு அதன்கண் உரிய தனிப் பணியைச் சுட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏரியும் அதன் உயிர்களும்

இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெருமையுடையது பழவேற்காட்டு ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. தென்பகுதி தமிழ்நாட்டைச் சார்ந்தது. கிழக்கே சிறீஅரிக்கோட்டைத் தீவு கடலையும் ஏரியையும் பிரித்து நிற்கின்றது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் நன்னீர் கொணர்கின்றன; முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகின்றது. ஆதலின் நீரின் உப்பும் ஆழமும் பருவந்தோறும் வேறுபடும். அவற்றுக்கு ஏற்ப உயிர்களும் இடம்பெயரும். ஆந்திரப் பகுதி 1976ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டுப் பகுதி 1980ஆம் ஆண்டிலும் பறவைப் புகலிடங்களாக அறிவிக்கப்பெற்றன.

பூநாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், நீர்க்காகம், ஆலா, பலவகை உள்ளான்கள் ஆகியன இங்கே காணத்தகும் புட்கள். வடபுலத்திலிருந்து பனிக்காலத்து வந்து மீள்வனவும் இவற்றுள் உண்டு. நீரில் மடவை முதலிய மீன்களும் இறாலும் நண்டும் வாழ்கின்றன. கடற்பக்கத்து மணலில் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. அவ்வாமையைக் கடற்கரை மக்கள் பங்குனி ஆமை என்பர். கரையேறும் பருவத்தையே பெயராக்கிய இவ்வழக்கு, மீனவரின் நோக்கு எத்துணைக் கூரியது என்பதனைக் காட்டும்.

இலக்கியக் காட்சியும் நாளிட்ட பதிவும்

நெய்தல் திணைப் பாடல்களில் நாரையும் குருகும் அன்றிலும் பலகால் வருதலைத் தமிழ் பயில்வோர் அறிவர். எனினும், அன்றில் யாது என்னும் வினாவுக்கு இன்றும் ஒருமுகமான விடை இல்லை. அதனை அரிவாள்மூக்கன் இனத்தது எனக் கொள்வோர் உளர், பி. எல். சாமி அவர்கள் சங்க இலக்கியப் புட்களை உயிரியல் நோக்கில் ஆராய்ந்து தனிநூலே எழுதினார். அத்துணை உழைப்பும் வேண்டியதாயிற்று. காரணம், பாடற்கண் அமைந்த காட்சி உண்மையாயினும் அது பதிவின் உறுப்புகளை உடையதன்று. அது புலவரின் குறையன்று. அவர் செய்தது வேறு பணி.

சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாடலை இதனொடு வைத்து நோக்குக. அப்பறவையின் காலின் நிறம், அலகின் நிறமும் வடிவும், துணையொடு தெற்கும் வடக்கும் இடம்பெயரும் இயல்பு ஆகிய யாவும் அதன்கண் உள்ளன. இக்குறிகளைக் கொண்டு அப்பறவையைச் செங்கால் நாரை எனத் துணிகின்றனர். அலகும் காலும் குறித்து எழுதிய அம்முறை இன்றைய கள நூல்களின் முறையே. ஆயின், அவர் கண்ட ஆண்டும் மாதமும் அங்கில்லை. ஆகவே, செங்கால் நாரை தமிழகத்துக்கு எக்காலத்தில் எத்துணை வந்தது என அறிய விரும்புவோர்க்கு அப்பாடல் பாதியளவே துணையாகும்.

இதனோடு சப்பானியர் வழக்கொன்றை ஒப்பிடலாம். கியோத்தோ நகரின் அரசவையினரும் துறவிகளும் செர்ரிப் பூ மலர்ந்த விழாநாளைத் தம் நாட்குறிப்புகளில் ஆண்டுதோறும் எழுதி வந்தனர். ஒன்பதாம் நூற்றாண்டு தொடங்கிக் கிடைக்கும் அக்குறிப்புகளை இக்கால அறிஞர் தொகுத்து, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளின் தட்பவெப்ப மாறுதலை அளந்தனர். 2021ஆம் ஆண்டில் மார்ச்சு 26ஆம் நாள் அப்பூ முழுமலர்ச்சி எய்தியது. அதுவரை அவ்வரிசையில் அதனினும் முந்திய நாள் இருந்ததில்லை என்று அன்று கூற இயன்றது அக்குறிப்புகளாலேயே. எழுதியவர்க்குத் தட்பவெப்ப ஆய்வு என்னும் எண்ணமே இல்லை. அவர்கள் நாளிட்டு எழுதினர், அவ்வளவே.

நாளிட்டு எழுதும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் ஆண்டும் மாதமும் நாளும் கிழமையும் முறையாக அமைந்துள்ளன. கல்வெட்டுகள் அதனினும் திட்பமுடையன. நிலம் ஒன்றைக் கோயிலுக்கு அளித்த செய்தியைப் பொறிக்குங்கால், அரசனின் ஆட்சியாண்டு, நிலத்தின் நான்கெல்லை, அதன் அளவு, கொடுத்தோர் பெயர், இறுதியில் சான்றாளரின் கையெழுத்து ஆகிய அனைத்தையும் குறித்தனர். காலம், இடம், அளவு, பொருள், சான்று என்னும் இவ்வைந்தும் உடைமையால் அன்றோ அவை இன்றும் வழக்காடு மன்றத்திலும் வரலாற்று நூலிலும் ஏற்கப்படுகின்றன? உயிரினப் பதிவின் இலக்கணமும் இதுவே.

பதிவின் ஐந்து உறுப்புகள்

முதலாவது காலம். நாள், மாதம், ஆண்டு, தொடங்கிய நேரம், நோக்கிய கால அளவு ஆகியன எழுதப்பெறுதல் வேண்டும். கண்ட இடத்திலேயே எழுதுதல் சிறப்பு. வீடு திரும்பி நினைவினின்று எழுதுமிடத்து எண்ணிக்கை வளரும். ஐயம் துணிவாக மாறும். மீனவர் "ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள்" எனக் கூறின், அச்சொல்லையும் எழுதி, பஞ்சாங்கத்தின் துணைகொண்டு பொதுநாளையும் அருகே எழுதுக.

இரண்டாவது இடம். "பழவேற்காடு" என்று மட்டும் எழுதுதல் போதாது. ஏரி பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கைப்பேசி காட்டும் நெடுங்கோடு குறுக்குக்கோட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுதல் எளிது. அவற்றுள்ளும் பாகையின் பத்தில் ஒரு கூறு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆகும், ஆகவே 13.4 என ஒரு தானத்தோடு நிறுத்தின் ஏரியின் பரந்த பகுதியொன்று அதனுள் அடங்கிவிடும். நான்கு தானம் எழுதின் வேற்றுமை பதினொரு மீட்டர் அளவினதாய்ச் சுருங்கும். எண்களோடு உள்ளூர் இடப்பெயரையும் எழுதுதல் நன்று. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' என்னும் பழவழக்கை உடையவர். நீர்ப்பரப்பைப் பகுத்துப் பெயரிட்டு அறிந்த அவர்தம் அறிவு, நிலப்படம் காட்டாத எல்லைகளையும் காட்டவல்லது.

மூன்றாவது அளவு. 'ஏராளம்', 'கூட்டங் கூட்டமாக' என்னும் சொற்கள் கவிதைக்குப் பொருந்தும், பதிவுக்குப் பொருந்தா. பெருங்கூட்டத்தை எண்ணுதற்கு ஒரு வழி உண்டு. முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை அடைக்கின்றது எனக் கண்ணால் அளந்து, அவ்வளவை அலகாகக் கொண்டு கூட்டம் முழுவதையும் அளத்தல் வேண்டும். கூட்டம் மிகப் பெரிதாயின் ஐம்பதையோ நூற்றையோ அலகாகக் கொள்ளலாம். இவ்வாறு பெற்ற 300 என்னும் எண் மதிப்பீடே எனினும், 'ஏராளம்' என்பதனினும் நூறு மடங்கு பயனுடையது. மதிப்பீடு என்பதனையும் வெளிப்படக் குறித்தல் வேண்டும்.

நான்காவது பொருள், அஃதாவது கண்ட உயிர் இன்னது எனத் துணிதல். பூநாரையுள் பெரியதும் சிறியதும் என இருவகை இந்தியாவில் உண்டு. பெரும் பூநாரையின் அலகு வெளிர் செந்நிறமுடையது. நுனி மட்டும் கறுத்திருக்கும். சிறு பூநாரையின் அலகு முழுவதும் கருஞ்சிவப்பாகத் தோன்றும், உருவும் சிறிது. இளம் பறவைகள் இரண்டிலும் சாம்பல் நிறமுடையன. தொலைவில் வெயிலின் அலையாட்டத்தில் நிற்கும் கூட்டத்தில் இவ்வேறுபாடு புலப்படாதாயின், 'பூநாரை, வகை துணியப்படவில்லை' என எழுதுவதே நேர்மை. கல்வெட்டைப் படியெடுப்போர் சிதைந்த எழுத்துக்குப் புள்ளியிட்டு விடுவரேயன்றி, தாம் விரும்பிய எழுத்தை நிரப்பார். பதிவு எழுதுவோர்க்கும் அக்கட்டுப்பாடு வேண்டும்.

ஐந்தாவது சான்று. கண்டவர் பெயர், உடனிருந்தோர் பெயர், ஒளிப்படம், ஒலிப்பதிவு, கையால் வரைந்த படம், அடையாளக் குறிகளின் விளக்கம் ஆகியன சான்றாம். பிறர் எடுத்த படத்தைத் தம் பெயரில் சேர்த்தல் கூடாது. வாட்ஸ்அப் வழியே கைமாறி வந்த படத்தில் எடுத்த நாளும் இடமும் பெரும்பாலும் நீங்கியிருக்கும். அதனைச் சான்றாகக் கொள்ளுதல், முதலும் இறுதியும் அற்ற ஏட்டுக்குக் காலம் கூறுவதை ஒக்கும்.

இவ்வைந்தோடு சூழலையும் ஒரு வரியில் எழுதுதல் நன்று. இதனை யாம் கற்றது ஏட்டிலன்று. சில ஆண்டுகட்கு முன், மாணவர் சிலருடன் ஏரிக்குச் சென்ற யாம், பூநாரைக் கூட்டத்தைக் கண்டு நாளும் எண்ணும் எழுதிக்கொண்டோம். படகு செலுத்திய முதியவர் எம் குறிப்பேட்டை நோக்கி, "தண்ணி எவ்ளோ இருந்துச்சுன்னு எழுதிக்கினீங்களா, சார்?" என வினவினார். எழுதவில்லை என்றோம். முழங்காலளவு நீரில் நிற்கும் பறவை, நீர் ஏறினால் அங்கே நில்லாது, வேறிடம் பெயரும் என்றும், நீரளவு எழுதாது எண்ணை மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு பறவை ஏன் குறைந்தது என்பது எவர்க்கும் விளங்காது என்றும் அவர் விளக்கினார். அவர் கூறியது முற்றும் உண்மை. பூநாரை தலைகீழாகக் குனிந்து, ஆழமற்ற நீரையும் சேற்றையும் அலகால் அரித்து உண்பது; ஆழமே அதன் இருப்பை வரையறுக்கும். அன்று முதல் நீரளவு, காற்று, மேகம் ஆகியவற்றைக் குறித்தல் எம் வழக்கமாயிற்று.

அம்முதியவரைக் காணுமுன் எழுதிய எம் பழைய ஏடுகளையும் பின்னர்ப் புரட்டிப் பார்த்தோம். 'பூநாரை மிகப் பல, மாலை, அழகிய காட்சி' என ஒரு பக்கத்தில் உள்ளது. ஆண்டு இல்லை. அக்காட்சி எம் நினைவில் உண்டு. ஆயின் எவர்க்கும் சான்றாகாது.

பெயர் எழுதும் முறை

தமிழ் பயின்றோர்க்கு உரிய தனிப் பணி ஈண்டுத் தோன்றுகின்றது. உயிரியலார் அறிவியற்பெயரைத் திட்பமாக எழுதுவர். ஊர்வழக்கில் அதற்குரிய பெயரை எழுதுவோர் அரியர். ஒரே பெயர் பல உயிர்க்கு வழங்குதலும், ஓருயிர்க்குப் பல பெயர் வழங்குதலும் எங்கும் உண்டு. உள்ளான் என்னும் ஒரு சொல் கரையோரத்துச் சிறு பறவைகள் பலவற்றையும் குறிக்கின்றது. கோட்டான் என்பது பலர்க்கு ஆந்தை இனத்தைக் குறிக்கும். பறவை நூல்களிலோ வளைந்த நீள் அலகுடைய கரைப்பறவைக்கும் அப்பெயர் உண்டு. பழவேற்காட்டில் தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்குதலின், இருமொழிப் பெயர்களும் கலந்து வருதல் இயல்பு.

ஆகவே மூன்று பெயர்களை வேறுவேறாக எழுதுதல் வேண்டும். ஒன்று, சொல்லியவர் ஒலித்தவாறே எழுதிய ஊர்ப்பெயர். இரண்டு, நூல்வழக்குத் தமிழ்ப்பெயர். மூன்று, அறிவியற்பெயர். ஊர்ப்பெயரை இலக்கணம் நோக்கித் திருத்துதல் பெருங்குற்றம். பாடவேறுபாட்டைப் பதிப்பாசிரியர் மறைத்தல் போன்றது அது. சொல்லியவரின் ஊரும் தொழிலும் குறிக்கப்பெறலாம். அவர் பெயரை வெளியிட அவரின் இசைவு வேண்டும். படத்தை மட்டும் காட்டிப் பெயர் வினவுதலினும், நேரிற் காணும்போது வினவுதலே நம்பத்தக்கது. மீனவர் பறவையை அறிவது அதன் நிறத்தால் மட்டுமன்று. நடையாலும் பறக்கும் வகையாலும் ஒலியாலும் ஆகும். படத்தில் இவை இல்லை.

இவ்வாறு நாளும் இடமும் சான்றும் உடைய ஊர்ப்பெயர்கள் சில நூறு திரளுமாயின், நெய்தல் திணைப் புட்களைப் பற்றிய பழைய வினாக்கள் சிலவற்றுக்கும் விடை காண வழி பிறக்கும். அகராதியிலிருந்து பறவைக்குச் செல்லும் வழி நெடிது. பறவையிலிருந்து சொல்லுக்கு வரும் வழி குறுகியது.

சேர்க்கும் இடங்கள்

எழுதிய குறிப்பு ஏட்டில் மட்டும் இருப்பின் எழுதியவரொடு அழியும். எனவே அது பலரும் எடுத்தாளும் பொதுவைப்பகம் ஒன்றைச் சேர்தல் வேண்டும்.

பறவைகளுக்கு உரியது ஈ-பேர்டு என்னும் வைப்பகம். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002ஆம் ஆண்டு தொடங்கியது இது. இந்தியாவில் பேர்டு கவுண்ட் இந்தியா என்னும் கூட்டமைப்பு இதன் பயன்பாட்டை வளர்த்து வருகின்றது. இதன்கண் தனிப்பறவை ஒன்றை எழுதுதலினும், முழுப்பட்டியல் எழுதுதல் சிறப்பாகக் கருதப்படும். முழுப்பட்டியலாவது, குறித்த நேரத்துள் கண்டும் கேட்டும் துணிந்த பறவை அனைத்தையும், காகமும் மைனாவும் உட்பட, விடாது எழுதுதல். இதன் நுட்பம் யாதெனின், அனைத்தும் எழுதப்பெற்ற பட்டியலில் ஒரு பறவை இல்லையாயின், அவ்வின்மையும் ஒரு செய்தியாகின்றது. அரியது மட்டும் எழுதிய பட்டியலில் இன்மைக்குப் பொருள் இல்லை. ஒரு பட்டியலுக்குப் பதினைந்து நிமிடமேனும் நோக்குக என்பது நடைமுறை அறிவுரை. நின்று நோக்கியதா, நடந்தோ படகிலோ சென்று நோக்கியதா என்பதும், சென்ற தொலைவும் குறிக்கப்பெறும். நாள் முழுவதும் ஏரியைச் சுற்றி ஒரே பட்டியல் எழுதாது, இடந்தோறும் தனிப்பட்டியல் எழுதுதல் வேண்டும்.

பறவையல்லாத உயிர்கட்கும் செடிகொடிகட்கும் உரியது ஐநேச்சுரலிஸ்ட். 2008ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர் சிலரின் முதுகலைப் பணியாகத் தோன்றியது இது. இதன்கண் படமோ ஒலியோ சேர்த்தால், பிறர் அதனை நோக்கி இனம் கூறுவர். கூறுவோருள் மூன்றில் இரு பங்கினர்க்கு மேல் ஓரினமென உடன்படின், அப்பதிவு ஆய்வுத்தகுதி எய்தும். இவ்விரு வைப்பகங்களின் பதிவுகளும் 2001ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற உலகப் பல்லுயிர்த் தகவல் வைப்பகத்தைச் சென்று சேர்ந்து, எந்நாட்டு ஆய்வாளர்க்கும் பயன்படுகின்றன. இரண்டிலும் குறிப்பு எழுத இடம் உண்டு. மேற்கூறிய ஊர்ப்பெயரையும் நீரளவையும் அங்கே தமிழிலேயே எழுதலாம்.

ஆண்டுதோறும் கூடிச் செய்யும் கணக்கெடுப்புகளும் உள. 1987ஆம் ஆண்டு தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு சனவரியில் நடைபெறுவது. 2015ஆம் ஆண்டு தொடங்கிய பொங்கல் பறவைக் கணக்கெடுப்புத் தமிழகத்துக்கே உரியது. கல்லூரி வளாகங்களிற் பறவை எண்ணும் கணக்கெடுப்புப் பிப்பிரவரியில் வரும். எம் முதுகலை மாணவர்க்கு அதுவே நல்ல தொடக்கமாகும். அமெரிக்காவில் 1900ஆம் ஆண்டு பிராங்கு சாப்மன் கிறித்துமசு நாளில் பறவையைச் சுடுதலை விடுத்து எண்ணுக என வேண்டித் தொடங்கிய கணக்கெடுப்பு, நூறாண்டு கடந்தும் நடைபெறுகின்றது. எண்ணியவர் பெரும்பாலோர் அறிவியலார் அல்லர்.

சென்னையில் 1978ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி, 1988 முதல் இரவில் கடற்கரை நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவரும் மாணவர் அமைப்பு ஆகியவற்றோடு சேர்ந்து பயிலுதல், புதியோர்க்குப் பெருந்துணையாகும்.

வினவப்படும் பதிவு

சேர்த்த பதிவை ஆய்வோர் சில வேளை வினவுவர். அப்பருவத்துக்கு உரியதல்லாத பறவையோ, வழக்கத்தினும் மிக்க எண்ணோ காணப்படின், ஈ-பேர்டு அதனைத் தனியே நிறுத்தி, அவ்வட்டாரம் அறிந்த தன்னார்வலரின் நோக்குக்கு அனுப்பும். அவர் சான்று கேட்பார். இதனை இழிவாகக் கருதுவோர் உளர். ஏட்டுச்சுவடியின் புதுப்பாடம் ஒன்றைக் கூறுவோரை நாம் சான்று கேளாது விடுவோமா? வினாவுக்கு விடையிறுக்க இயலாதாயின், பதிவை இனத்தளவில் நிறுத்துதலோ மீட்டுக்கொள்ளுதலோ இழுக்கன்று. பிழையென அறிந்தும் நிற்க விடுதலே இழுக்கு.

எழுதற்கு முன் எண்ணத்தக்கன

பதிவின் பொருட்டு உயிர்க்குத் தீங்கு விளைதல் கூடாது. படம் எடுத்தற்காகப் படகைப் பூநாரைக் கூட்டத்துள் செலுத்தி, அவற்றை ஒருங்கே எழுப்புதல் இன்றும் காணப்படும் தீய வழக்கம். உண்ணும் நேரத்தை இழந்து வீணே பறக்கும் பறவைக்கு அது பெருங்கேடு. கூடுகளையும் முட்டைகளையும் தொடுதலும் எடுத்தலும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டவை. ஆமை முட்டையிட்ட இடத்தையும், அரிய பறவையின் கூட்டையும் பொதுவில் அறிவித்தல் ஆகாது. அத்தகைய செய்தியை வனத்துறைக்கு நேரே தெரிவித்தல் தகும். அருகிவரும் உயிர் சிலவற்றின் இடத்தை வைப்பகங்களே மறைத்து வெளியிடுகின்றன.

இறந்த உயிரும் பதிவுக்கு உரியதே. 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னையை அடுத்த கடற்கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. இத்தகைய வேளையில் ஒரே உடலை இருவர் எண்ணுதல் எளிதில் நிகழும். எண்ணிய உடலின் ஓட்டில் வண்ணக் குறியிட்டு, நாளும் இடமும் எழுதி, வனத்துறைக்கு அறிவித்தலே அப்பிழையைத் தவிர்க்கும் வழி. காலில் வளையமோ வண்ணப் பட்டையோ உடைய பறவையைக் காணின், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, நிறம் யாது, பொறித்த எழுத்து யாது என எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவித்தல் முறை.

பதிவால் விளையும் பயன்

இத்துணை உழைப்பு எதற்கு என வினவலாம். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஊரார், தம் ஏரிப் பறவைகளின் எச்சத்தால் வயல் வளம்பெறுதலை அறிந்து, அவற்றைக் காத்துவந்தனர். படைவீரர் பறவைகளைச் சுட்டமை கண்டு ஊரார் முறையிட, 1798ஆம் ஆண்டில் மாவட்ட ஆட்சியராயிருந்த லயனல் பிளேஸ் அவ்வுரிமையை ஏற்று 'கவுல்' என்னும் எழுத்துச் சீட்டு வழங்கினார். அதற்கு முன்னும் பறவைகள் இருந்தன. ஊராரின் காவலும் இருந்தது. எனினும், வேடந்தாங்கலின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் எடுத்துக்காட்டுவது நாளிட்ட அவ்வெழுத்தையே.

பழவேற்காட்டின் நிலையும் இதுவே. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பல மக்கள் கருத்துக் கேட்புக்கு உட்பட்டே இசைவு பெறுதல் வேண்டும். ஓரிடத்தில் இன்ன உயிர் உண்டு, இல்லை என்னும் வாதம் அங்கே எழும். "எம் பாட்டன் காலந்தொட்டு இங்கே பறவை உண்டு" என்னும் மீனவர் கூற்று உண்மையே எனினும், பத்தாண்டுப் பட்டியல் ஒன்று அதன் அருகே நிற்குமாயின் அக்கூற்றுக்கு வலிமை மிகும். ஏரி சுருங்கினாலும், முகத்துவாரம் தூர்ந்தாலும், பறவை குறைந்தாலும் அதனைக் காட்டவல்லது முந்தைய ஆண்டின் பதிவு ஒன்றே. முந்தைய பதிவு இல்லாத இடத்தில் இழப்பும் இழப்பாகத் தோன்றாது.

ஊரறிவின் மதிப்புக்கு மற்றொரு சான்று உண்டு. நெல்லூரில் மருத்துவராய்ப் பணியாற்றிய ஜெர்டான் என்பவர் பெயரால் வழங்கும் ஓடுபறவை ஒன்று 1848ஆம் ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிவிக்கப்பெற்றது. 1900க்குப் பின் அதனைக் கண்டோர் இலர். அழிந்தது எனவே பலர் கருதினர். 1986ஆம் ஆண்டில் கடப்பைப் பகுதியில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. கண்டறிந்தது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தேடலாயினும், பறவையை இரவிற் பிடித்துக் காட்டியவர் உள்ளூர் வேடர் ஒருவரே. அவரை வினவியவர் இருந்தமையால் அவ்வறிவு பதிவாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காட்சி சான்றாதற்குக் காலம், இடம், அளவு, பொருள், சான்று என்னும் ஐந்தும் வேண்டும் என்பதும், சூழலும் ஊர்ப்பெயரும் அவற்றைச் செம்மை செய்யும் என்பதும், எழுதியது பொதுவைப்பகத்தைச் சேர்ந்தாலன்றி நிலைபெறாது என்பதும் விளங்கும். இவை எவையும் தமிழ்த்துறையார்க்குப் புதியன அல்ல. சுவடியின் நம்பகத்தை ஆராய்தலும், கல்வெட்டின் சொல்லைக் கூட்டாது குறையாது படித்தலும், வழக்குச் சொல்லை வழங்கியவாறே திரட்டலும் நம் அன்றாடப் பயிற்சி. இயற்கையைத் தமிழில் திட்பமாக எழுதுதல் இயலும் என்பதனை மா. கிருஷ்ணன் (1912–1996) தம் கட்டுரைகளால் முன்னரே காட்டியுள்ளார்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறைகள் உள்ளன. இறந்தோர் பெயரும் நாளும் ஆண்டும் கல்லில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருத்தலின், முந்நூறு ஆண்டு கடந்தும் அங்கே துயில்வோர் இன்னார் என நாம் அறிகின்றோம். அக்காலத்து ஏரிக்கு வந்த பறவைகள் எத்துணை என்பதனை அறிய அங்ஙனம் ஒரு கல் இல்லை. நம் காலத்துப் பறவைகளுக்கும் அந்நிலை நேராதிருக்க வேண்டின், அடுத்த முறை ஏரிக்குச் செல்லும் மாணவர் ஒரு குறிப்பேட்டையும் உடன்கொண்டு செல்க. பக்கத்தின் தலையில் முதற்கண் நாளை எழுதுக. படகு செலுத்துவோரிடம் பறவையின் பெயரையும் நீரின் அளவையும் கேட்டு எழுதுக.